ஃப்ளோரைடு கறைப் பல்: காசு போச்சு, கறை போகலை. கிளினிக்கில் எங்கே சொதப்புது?

காரிமங்கலத்தான்
தர்மபுரி மாவட்டத்துல காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம், நல்லம்பள்ளி பக்கத்து ஆளுங்க பல் டாக்டரிடம் போய்ட்டு வந்து சொல்ற குறை எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. "கிளீனிங் பண்ணாங்க, பழுப்பு அப்படியே நிக்குது." "பிளீச்சிங் பண்ணின பிறகு வெள்ளைத் திட்டு முன்னைவிட எடுப்பா தெரியுது." "முன்பல் ஆறுக்கும் கேப் போட்டாங்க, ஈறுல ரத்தம் நிக்கல." பத்துப் பதினைந்து இழைகள்ல இதெல்லாம் சிதறிக் கிடக்கு. இங்கே ஒண்ணா வச்சுப் பேசுவோம்.

கிளினிக் பேரும் டாக்டர் பேரும் வேண்டாம். எந்த வைத்தியம் எதைச் செய்யும், எதைச் செய்யாது, எந்தப் படியில கெட்டுப்போகுது என்பதைத் தொழில் தெரிஞ்சவங்க எழுதுங்க.

அரைமில்லி
பல் மருத்துவம்தான் தொழில். முதல் குறையிலிருந்தே தொடங்குறேன், ஏமாற்றத்தில் பாதி அங்கேயே இருக்கு.

ஸ்கேலிங் (எல்லாரும் கிளீனிங் என்று சொல்வது) பல்லின் மேலே ஒட்டியிருக்கிற காரையையும் வெற்றிலை, புகையிலை, டீ கறையையும் எடுக்கும். ஃப்ளோரைடு கறை மேலே ஒட்டினது இல்லை. தாடைக்குள்ளே பல் உருவாகிற காலத்தில், குடிக்கிற தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதலா இருந்தா எனாமல் (பல்லின் மேல் ஓடு) முழுசா இறுகாது. மேல்தோல் கெட்டியா இருக்கும், அதுக்கு அடியில் நுண்ணிய ஓட்டைகளோடு பொரபொரன்னு இருக்கும். அந்த ஓட்டைதான் சுண்ணாம்பு வெள்ளையா தெரியுது. பல் முளைச்ச பிறகு வருஷக்கணக்கில் உணவும் டீயும் உள்ளே ஊறிப் பழுப்பாகுது. ரொம்ப முற்றின பல்லில் மேல்தோலே பெயர்ந்து குழி விழும். ஸ்கேலர் முனை இதில் எதையும் தொடாது. ஆகவே "கிளீனிங் சரியா பண்ணல" என்பது பல நேரம் தப்பான புகார். "இது கிளீனிங்கில் போகாது என்று முன்னாடியே சொல்லல" என்பதுதான் நியாயமான புகார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் நடக்க வேண்டிய முதல் வேலை, இது ஃப்ளோரைடு கறைதானா என்று பிரிப்பது. ஃப்ளோரோசிஸ் (இந்த ஃப்ளோரைடு பாதிப்பின் பேர்) ஜோடி ஜோடியா வரும். இடது முன்பல்லில் இருந்தா வலதிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் படுக்கைக் கோடா இருக்கும். ஒரே ஒரு பல் மட்டும் பழுப்போ சாம்பலோ என்றால் அடிபட்டு நரம்பு செத்திருக்கலாம், இல்லை பால்பல்லில் இருந்த சீழ் அடியில் வளர்ந்த பல்லைக் கெடுத்திருக்கலாம். சாம்பல் நீலப் பட்டையா எல்லாப் பல்லிலும் ஓடினா சின்ன வயசில் கொடுத்த டெட்ராசைக்ளின் மருந்தை நினைக்கணும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை மாசக்கணக்கில் கொப்பளிச்சாலும் பழுப்பு ஏறும், அது மட்டும் ஸ்கேலிங்கில் ஓடிரும். இப்படிப் பிரிக்காம, வந்தவுடனே "பிளீச்சிங் பேக்கேஜ்" என்று ஆரம்பிச்சா அங்கேயே எழுந்து வந்துரலாம்.

பாரூர்_ஏரி
டாக்டர், டீன் அளவுகோல்னு ஒண்ணு சொல்றாங்களே, அதைப் பேஷன்ட் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?

அரைமில்லி
வைத்தியம் அதை வச்சுத்தான் மாறணும்ங்க. டீன் முறையில் சந்தேகத்துக்குரியது, மிக லேசு, லேசு, நடுத்தரம், கடுமை என்று படிகள். மிக லேசு என்றால் பல்லின் பரப்பில் கால் பங்குக்குள் வெள்ளைத் திட்டு. லேசு என்றால் பாதிக்குள். நடுத்தரத்தில் பரப்பு முழுக்க மாறியிருக்கும், பழுப்பும் சேர்ந்திருக்கலாம். குழி விழுந்தா கடுமை. உங்க கேஸ் ஷீட்டில் இந்தச் சொல் ஏதாவது ஒண்ணு எழுதியிருக்கான்னு பாருங்க. எழுதாம நேரா விலைக்குப் போனா எல்லாருக்கும் ஒரே கஷாயம்தான்.

சுருக்கமா: வெள்ளைத் திட்டுக்கு ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் (ஓட்டைக்குள் பிசினை ஊற விடுவது), மேலோட்டமான பழுப்புக்கு மைக்ரோஅப்ரேஷன் (அமிலப் பேஸ்டால் மேலே தேய்ச்சு எடுப்பது), அதோட பிளீச்சிங், குழிக்குக் காம்போசிட் (பல் நிறத்தில் ஒட்டுற ஃபில்லிங்), இதெல்லாம் தாண்டினதுக்கு வெனீர் (முன்பக்கம் மட்டும் ஒட்டுற மெல்லிய தகடு). முழுக் கேப் கடைசி. நம்ம ஊர்ல வரிசை தலைகீழா நடக்குது.

தொப்பூர்க்_கணவாய்
வரிசை எல்லாம் சரிங்க. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து நிக்கிறவங்ககிட்ட வரிசை பேசினா அடுத்த தெரு கிளினிக்குக்குப் போயிடுவாங்க. பத்து நாள்ல கேப்தான் முடியும். டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனம் இல்ல.

அரைமில்லி
பத்து நாளில் கேப் மட்டும்தான் முடியும் என்பது சரியில்லை. மைக்ரோஅப்ரேஷன் ஒரே அமர்வு, இரண்டாவது தேவைப்பட்டா ஒரு வாரம் கழிச்சு. செய்முறையை எழுதுறேன், இதில் எந்தப் படி விட்டுப்போச்சு என்று நீங்களே பார்த்துக்கலாம்.

ஈறைக் காப்பாற்ற ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு மற்றதை மூடுற ரப்பர் தாள்) கட்டணும். உள்ளே போகிறது அமிலம். முகத்துக்கும் கண்ணுக்கும் மறைப்பு. 6.6 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிலிக்கான் கார்பைடு துகளும் கலந்த பேஸ்டைப் பல்லில் 1 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தடவி, வேகம் குறைச்ச மிஷினில் ரப்பர் கப்பை மாட்டி சுமார் 60 விநாடி தேய்க்கணும். கழுவணும். பல்லை ஈரமா வச்சே நிறம் பார்க்கணும், ஏன்னா காய்ந்த பல் எப்பவும் பொய் சொல்லும். தேவைப்பட்டா மறுபடி. மொத்தத்தில் போகிற எனாமல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதிகம் போனா இரண்டு பங்கு. ஈறு ஓரத்தில் எனாமல் மெல்லிசு, அங்கே சீக்கிரம் நிறுத்தணும். பக்கவாட்டில் இருந்து பார்த்து, பல்லின் முன்வளைவு தட்டையாகுதுன்னு தெரிஞ்சா அதோட போதும். கடைசியில் ஃப்ளோரைடு ஜெல் 4 நிமிஷம்.

"ஃப்ளோரைடால வந்த கறைக்கு ஃப்ளோரைடா?" என்று பேஷன்ட் சண்டைக்கு வருவார். வளர்ந்த பல்லில் மேலே தடவுற ஃப்ளோரைடு எனாமலை இறுக்கும், கறை உண்டாக்காது. இந்த ஒரு வரியைச் சொல்லாததால் கிளம்பின சண்டைக்குக் கணக்கே இல்லை.

எங்கே சொதப்பும்? ஆழத்தில் இருக்கிற கறையை இதிலேயே எடுத்துறலாம்னு பிடிவாதமா தேய்ச்சா பல் மஞ்சளாகும். எனாமல் மெலிஞ்சு உள்ளே இருக்கிற டென்டின் நிறம் தெரியும். இரண்டு மூன்று சுற்றில் அசையலைன்னா அது மேலோட்டக் கறை இல்லை. நிறுத்தணும்.

மெழுகுக்கத்தி
பல் லேப் ஆளு நான். பத்து நாள் கேப் பத்திக் கொஞ்சம் பேசணும்.

எங்க கைக்கு வர்ற அச்சோட ஒரு துண்டுச் சீட்டு வரும். "ஆறு யூனிட், ஏ1, அர்ஜென்ட்." (ஏ1 என்பது பளிச்சென்ற வெளிர் நிறத்தோட குறியீடு.) அவ்வளவுதான். பேஷன்ட் வயசு, தோல் நிறம், கீழ்ப்பல் நிறம், சிரிக்கும்போது உதடு எவ்வளவு ஏறுது, எதுவும் இருக்காது. போட்டோ கேட்டா வாட்ஸ்அப்பில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது வரும். முக்கியமா, ராவின பிறகு மிச்சம் இருக்கிற முளைப் பல் என்ன நிறம்னு சொல்ல மாட்டாங்க. ஃப்ளோரோசிஸ் பல்லை ராவினாலும் சில நேரம் பழுப்பு மிச்சம் இருக்கும். அதுமேல ஒளி ஊடுருவுற மெல்லிசு பீங்கானை வச்சா சாம்பலா அடிக்கும். தெரிஞ்சிருந்தா ஒளியை மறைக்கிற அடித்தளம் வச்சுக் கட்டியிருப்போம்.

அடுத்து மேல் ஆறு பல் ஏ1, கீழ்ப்பல் பழுப்புக் கோடு. சிரிச்சா சுண்ணாம்படிச்ச சுவருக்குக் கீழே மண் திண்ணை மாதிரி இருக்கும். கேப் பழுது இல்லை அது, நிறம் குறிச்சதில் பழுது. நிறப் பட்டையை (பல்லோட ஒப்பிட்டு நிறம் குறிக்கிற மாதிரித் துண்டுகள்) பல் காயறதுக்கு முன்னாடி, வேலை தொடங்குற முதல் ஐந்து நிமிஷத்துக்குள்ள, ஜன்னல் வெளிச்சத்தில் வச்சுப் பார்க்கணும். வாயைத் திறந்து வச்சு ராவி முடிச்ச பிறகு பார்த்தா ஒரு படி வெள்ளையாத்தான் தெரியும்.

உலோகம் உள்ளே வச்ச பீங்கான் கேப்புல இரண்டு மூன்று வருஷத்தில் ஈறு இறங்கினா ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும். முன்பல்லுக்கு அதைப் போடும்போது இதைச் சொல்லியே ஆகணும். ஜிர்கோனியா கேப்புக்கு (கெட்டியான வெள்ளைப் பீங்கான் வகை) கொடுக்கிற வாரன்டி அட்டையும் பெரும்பாலும் கேப் உடைஞ்சா மட்டும்தான். உள்ளே பல் சொத்தையானா, ஈறு கெட்டா, டாக்டர் கூலி, எதுக்கும் அந்த அட்டை பேசாது.

தொப்பூர்க்_கணவாய்
கேப்புக்கு ராவறதுல அப்படி என்ன போயிடுது? எல்லாரும்தான் போடுறாங்க.

அரைமில்லி
முன்பல்லுக்கு முழுக் கேப் என்றால் கண்ணுக்குத் தெரிகிற பல் பகுதியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ராவிப் போகும். வெனீருக்கு முன்பக்கம் மட்டும், 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர். ராவினது திரும்ப வளராது. இருபது வயசுப் பெண்ணுக்குப் போட்ட கேப்பை ஆயுசில் இன்னும் இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டி வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பல் போகும். பதினெட்டுக்குக் கீழே என்றால் நரம்பு அறையே பெரிசா இருக்கும், ராவுறப்ப நரம்புக்குப் பக்கத்தில் போயிடும்.

இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. கேப் போட்ட பிறகு கூசும் என்று பயந்து, சொத்தையே இல்லாத ஆறு பல்லுக்கும் முதல்லயே வேர்சிகிச்சை செய்துட்றது. பல் ரொம்பக் கோணலா நின்னா, ராவினா நரம்பு வெளியே வரும் என்றால் காரணம் உண்டு. நேரா நிற்கிற பல்லுக்குக் கறைக்காக வேர்சிகிச்சை என்று சொன்னா எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி, "எந்தப் பல்லுக்கு, ஏன்?" என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா கேளுங்க. வேறொரு பல் டாக்டரிடமும் காட்டாம கையெழுத்துப் போடாதீங்க.

பாரூர்_ஏரி
பிளீச்சிங் பத்தி யாரும் சொல்லலையே. வெள்ளைத் திட்டு கூடுதலா தெரியுதுன்னு முதல் பதிவுலயே இருக்கு. அது நிஜமா?

அரைமில்லி
நிஜம். பிளீச்சிங் பழுப்பை வெளுக்கும், வெள்ளைத் திட்டை அழிக்காது. கிளினிக்கில் 35 முதல் 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல்லைச் சுற்றுக்குச் சுமார் 15 நிமிஷமா இரண்டு மூன்று சுற்று வைப்பாங்க. முடிஞ்ச கையோட பல் வறண்டு போயிருக்கும், திட்டெல்லாம் பளிச்சுன்னு எழும்பும். அதே நேரத்தில் மொத்தப் பல்லும் நிஜத்தைவிட வெள்ளையா தெரியும். "பின்பு" என்று விளம்பரத்துக்கு போட்டோ எடுக்கிறது அந்த நிமிஷம்தான். ஒன்றிரண்டு நாளில் திட்டு அடங்கும், ஒன்றிரண்டு வாரத்தில் நிறமும் கொஞ்சம் இறங்கி நிலைக்கு வரும். "ஒரு வாரத்துல மறுபடி மங்கிப்போச்சு" என்ற புகார் இதுதான். நிறத்தை இரண்டு வாரம் கழிச்சு, நிறப் பட்டையோட அதே வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவு சொல்லணும்.

பழுப்புக் கறைக்கு வீட்டுப் பிளீச்சிங் நிதானமா நல்ல பலன் தரும். அச்சு எடுத்துச் செய்த மெல்லிய டிரே, 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு, பல்லுக்கு ஒரு அரிசி மணி அளவு, ராத்திரி முழுக்க. இரண்டு வாரத்தில் தொடங்கி ஃப்ளோரோசிஸுக்கு ஆறு வாரம்கூட ஆகலாம். கூசினா ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி. ஜெல்லை டிரே நிறைய பிதுக்கினா ஈறு வெந்து வெள்ளையாகும். அந்த நாட்களில் கட்டன் டீ, மஞ்சள் தூக்கலான குழம்பு, பீட்ரூட் குறைச்சு இட்லி, தயிர்ச்சோறு பக்கம் ஒதுங்கிக்கணும்.

பிளீச்சிங் முடிஞ்ச மறுநாளே காம்போசிட் ஒட்டக் கூடாது. பல்லுக்குள்ளே தங்கின ஆக்சிஜன் ரெசினை இறுக விடாது, இரண்டு வாரம் பொறுக்கணும். "ஒட்டின ஃபில்லிங் மாசத்துக்குள்ள பெயர்ந்துடுச்சு" என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, ஃப்ளோரோசிஸ் எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு லேசில் மசியாது. சாதாரணப் பல்லுக்குப் போதுமான 15 விநாடி பாஸ்பாரிக் அமிலம் இங்கே போதாது. மேலே லேசா உரசிவிட்டு, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்கணும்.

வெள்ளைத் திட்டுக்கு ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் சொன்னேனே, அதில் ஒரு நல்ல விஷயம் இருக்கு: காசு முழுக்கப் போகிறதுக்கு முன்னாடியே பலன் தெரிஞ்சுரும். 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமில ஜெல் 2 நிமிஷம், கழுவி உலர்த்தி, எத்தனால் 30 விநாடி. எத்தனால் நனைஞ்ச நேரத்தில் திட்டு மங்கினா ரெசின் ஊற்றினாலும் மங்கும். மங்கலைன்னா மேல்தோல் இன்னும் திறக்கலை. அமிலத்தை மறுபடி வைக்கணும், மூன்று தடவை வரை. அப்புறம் ரெசினை 3 நிமிஷம் ஊற விட்டு 40 விநாடி ஒளி, மறுபடி 1 நிமிஷம் ஊற விட்டு ஒளி. காரணம் ஒளி வளைகிற கணக்கு. எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, தண்ணீர் 1.33, காற்று 1. ஓட்டைக்குள் காற்று இருந்தா வெள்ளையா தெறிக்கும். 1.5 பக்கம் இருக்கிற ரெசின் போனா எனாமலோடு கலந்துடும். எத்தனாலைத் தொட்டுக் கண்ணாடியில் காட்டச் சொல்லிக் கேளுங்க. ஆழமான பழுப்புக்கும் குழிக்கும் இது தனியா உதவாது.

போர்த்தண்ணி
தண்ணீர் பக்கம் ஒரு ஆள் பேசியாகணும்.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயப்படி ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லைன்னா 1.5 வரை பொறுத்துக்கலாம். நம்ம பாறைப் பூமியில் ஆழம் போன போர்க் கிணறு பலதும் இதைத் தாண்டும். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதுக்காகத்தான். திட்டத்தின் பேரிலேயே "ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு" என்று இருக்கு. 2013இல் தண்ணீர் திறந்தாங்க. ஆனா குழாய்த் தண்ணி வராத நாளில் சமையலுக்குப் போர்த் தண்ணிதான் என்றால் பிள்ளை வயிற்றுக்குப் போறது அதே ஃப்ளோரைடு.

டிடிஎஸ் மீட்டரைக் காட்டி "நல்ல தண்ணி" என்பாங்க. அது மொத்த உப்பைத்தான் காட்டும், ஃப்ளோரைடைத் தனியா காட்டாது. கொதிக்க வச்சாலும் போகாது. ஆவி போகப் போகச் செறிவு ஏறும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் (கண்ணாடி வேண்டாம்) ஒரு லிட்டர் பிடிச்சு, எந்தப் போர், எந்தத் தேதி என்று எழுதி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்க. ஆர்ஓ ஃப்ளோரைடை எடுக்கும், மெம்பிரேனை நேரத்துக்கு மாற்றினா.

பாரூர்_ஏரி
அப்ப பெரியவங்க இப்ப போர்த் தண்ணி குடிச்சா வைத்தியம் பண்ணின பல் மறுபடி கறையாகுமா?

போர்த்தண்ணி
பல்லுக்கு ஆகாது. எட்டு வயசோட ஞானப்பல் தவிர மற்ற எல்லாப் பல்லோட எனாமலும் உருவாகி முடிஞ்சிருக்கும். மேல் முன்பல்லுக்கு முக்கியமான காலம் முதல் மூன்று வருஷம். கைக்குழந்தைக்குக் காய்ச்சுற கஞ்சித் தண்ணீர் எதுன்னு பார்க்க வேண்டியது அங்கே. எலும்புக்கு மட்டும் வயசு வரம்பு கிடையாது, பெரியவங்களும் குறைக்கத்தான் வேணும்.

கட்டுக்காகிதம்
நுகர்வோர் வழக்குப் பக்கம் சில வரி. கறை முழுசா போகலை என்பது மட்டும் வழக்காகாது. சொல்லாமல் செய்தது, தேவையில்லாமல் செய்தது, செய்யவேண்டிய முறையில் செய்யாதது, இவைதான் நிற்கும். அதுக்குக் காகிதம் வேணும். ரசீது (பல் எண் வாரியா), கேஸ் ஷீட் நகல், எக்ஸ்ரே ஃபைல், சம்மதப் படிவம், தொடங்குறதுக்கு முன் எடுத்த போட்டோ. இவற்றை எழுத்தில் கேளுங்க. வாய்வார்த்தையில் கேட்டா "சிஸ்டம் ஃபார்மட் ஆயிடுச்சு" என்ற பதில் தயாரா இருக்கும். வேலையைத் திருத்த வேறு டாக்டரிடம் போறதுக்கு முன்னாடி, இருக்கிற நிலையை அவரிடமே போட்டோவோடு எழுதி வாங்கிடுங்க. திருத்தினதும் சாட்சி போயிடும்.

காசு கொடுத்துப் பெற்ற மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லியாச்சு. எல்லாருக்கும் இலவசமா பார்க்கிற அரசு மருத்துவமனை அதில் வராது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போடணும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. டாக்டரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலுக்குப் போகும், ஆனா அங்கே நஷ்டஈடு கிடைக்காது. இரண்டையும் குழப்பிக்காதீங்க.

தொப்பூர்க்_கணவாய்
சரி, மேல ராவின கதை எல்லாம் படிச்சாச்சு. ஏற்கனவே ஆறு கேப் போட்டு ஈறுல ரத்தம் வர்றவங்க என்ன பண்றது? முதல் பதிவுல கேட்ட மூணாவது கேள்வி இன்னும் அப்படியே கிடக்கு.

மெழுகுக்கத்தி
மெடிக்கல் ஷாப்ல பல் நூல் வாங்கி, இரண்டு கேப்புக்கு நடுவுல மேலிருந்து இறக்கிப் பாருங்கண்ணே. தட்டி நின்னு இறங்கவே இல்லைன்னா இரண்டையும் ஒட்டி ஒரே துண்டா வார்த்திருக்காங்க. பக்கத்துல பல் இல்லாம பாலம் கட்டினா ஒட்டித்தான் ஆகணும். எல்லாப் பல்லும் இருக்கிற வாயில் ஆறையும் ஒட்டினா வேலை சுளுவு, ஒண்ணு ஒண்ணா உட்கார வைக்கிற நேரம் மிச்சம், வேற பலன் இல்ல. நூல் இறங்கி, ஆனா பிசிறு பிசிறா கிழிஞ்சு வந்தா ஓரம் துருத்திக்கிட்டு இருக்கு.

அரைமில்லி
அதோட சேர்த்து: ஓரம் ஈறுக்குள் ரொம்ப ஆழமா போயிருக்கா, ஒட்டின சிமெண்ட் துணுக்கு உள்ளே தங்கியிருக்கா என்று எக்ஸ்ரேயிலும் கூர்முனையாலும் பார்க்கணும். சிமெண்ட் துணுக்குன்னா ஒரே அமர்வில் எடுத்துரலாம், இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கும். ஓரம் துருத்தினா, ஆழமா போயிருந்தா, மவுத்வாஷ் எழுதிக் கொடுத்து அனுப்புறது வீண். அறுத்து எடுத்துத் தற்காலிக கேப் போட்டு, ஈறு ஆறின பிறகுதான் புது அச்சு. ரத்தம் வர்ற ஈறில் அன்னைக்கே அச்சு எடுத்தா ஓரம் தெளிவா விழாது, மறுபடி இதே கதிதான்.

ஒட்டின துண்டு, ஆனா ரத்தம் இல்லை, சொத்தை இல்லைன்னா அவசரமா அறுக்க வேண்டாம். கேப்புக்கும் ஈறுக்கும் நடுவே நுழையிற சின்ன பிரஷ் கிடைக்கும், தினம் ராத்திரி ஒரு தடவை. இடுக்கில் இறுக்கிப் பிடிக்காம, லேசா தொட்டுப் போயிட்டு வர்ற அளவு பார்த்து வாங்குங்க.

காரிமங்கலத்தான்
பிரஷ் அளவை எப்படிப் பார்க்கிறது? பாக்கெட்ல நம்பர் மட்டும்தான் இருக்கு.

அரைமில்லி
கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் மாறும்ங்க. அடுத்த தடவை போகும்போது ஒவ்வொரு இடுக்கிலும் விட்டுக் காட்டச் சொல்லி, நிறத்தையும் நம்பரையும் சீட்டில் எழுதி வாங்கிக்கோங்க. ஆறு பல்லுக்கு ஐந்து இடுக்கு, எல்லாத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது. இரண்டு அளவு தேவைப்படும்.